2 மாசக் குட்டிக்கே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணலாமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க

மொட்டைமாடிக்காரி (சென்னை)
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. எங்க மொட்டை மாடில தண்ணி டேங்குக்கு அடியில ஒரு தெருப்பூனை 4 குட்டி போட்டுச்சு. ஒண்ணு முதல் வாரமே போயிடுச்சு, மிச்சம் 3. இப்ப பத்து வாரம் ஆகுது. ஒண்ணு செவலை, ஒண்ணு மூணு கலர், ஒண்ணு கறுப்பு வெள்ளை. செவலையையும் மூணு கலரையும் எடுத்துக்க ஆள் ரெடியா இருக்காங்க.

பிரச்சினை என்னன்னா, போன வருஷம் இதே பூனை போட்ட குட்டில ஒரு பெட்டைய தெரிஞ்சவங்களுக்குக் குடுத்தேன். ஆறு மாசம் ஆனதும் கண்டிப்பா ஆபரேஷன் பண்ணிடுறோம்னு சத்தியம் பண்ணாத குறையா சொல்லி வாங்கிட்டுப் போனாங்க. ஏழாவது மாசம் போன், "அக்கா சந்தோஷமான விஷயம், நம்ம பாப்பா மூணு குட்டி போட்டிருக்கா"ன்னு. எனக்கு வயித்துல புளியக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. அந்த மூணும் இப்ப எங்க இருக்குன்னு அவங்களுக்கே தெரியல.

அதனால இந்த தடவை ஆபரேஷன முடிச்சிட்டே குடுத்துடலாம்னு இருக்கேன். எங்க ஏரியா டாக்டர் ஆறு மாசம் முடியாம தொடவே மாட்டேன்னுட்டார். பூனை ரெஸ்க்யூ பண்ற பொண்ணு ஒண்ணு, ஒரு கிலோ வந்தா போதும்க்கா, நாங்க பண்ணிட்டுதான் இருக்கோம்னு சொல்றா. எங்கம்மா "பால் மணம் மாறாத புள்ளைய அறுக்கப் போறியா"ன்னு ரெண்டு நாளா என்கூட சரியா பேசல. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

கொங்குக்கடுவன் (கோவை)
ஆறு மாசம் பொறுத்து பண்றதுதான் நல்லதுங்க. எங்கூட்ல மூணு பூனை, மூணுக்கும் ஏழாம் மாசத்துலதான் பண்ணோம், ஒரு குறையும் இல்லீங்க. சின்னதுல பண்ணுனா வளர்ச்சி நின்னுபோயிடும், கடுவனுக்கு மூத்திரக் குழாய் சிறுத்துப்போயி பின்னாடி அடைச்சுக்கும்னு எங்க டாக்டரு சொன்னாருங்க.

டேங்க்_ரோடு
வெளிய விடாம வளத்தா ஆபரேஷனே எதுக்கு? இயற்கைக்கு விரோதமான வேலை.

தெருப்பூனை_தோழி (சென்னை)
@டேங்க்_ரோடு ஹீட்ல, அதாவது ஜோடி தேடி கத்தற நேரத்துல இருக்கற பெட்டைய ஒரே ஒரு ராத்திரி உங்க பெட்ரூம்ல படுக்க வச்சுட்டு காலைல வந்து இத எழுதுங்க.

@மொட்டைமாடிக்காரி உங்ககிட்ட பேசுன பொண்ணு நான் இல்ல, ஆனா சொன்னது சரி. ஆறு மாசம்ங்கற கணக்குல இருக்கற ஓட்டை உங்க கதைலயே இருக்கு பாருங்க. ஏழாம் மாசம் குட்டி போட்டிருக்குன்னா அது சினையானது அஞ்சாம் மாசம், பூனைக்கு சினைக்காலம் ரெண்டு மாசம் சொச்சம், 63லேருந்து 65 நாள்தான். நாலு மாசத்துலயே ஹீட்டுக்கு வந்த குட்டிய நானே பாத்திருக்கேன். ஆறு மாசம் கழிச்சு ஆபரேஷன்னு டேட் வாங்கி வச்சா, பாதி பேருக்கு டேட் வரும்போது வயிறு வந்திருக்கும். அதுவும் குளிர் நாட்டுல பகல் குறைஞ்சா பூனை ஹீட்டுக்கு வராது, அவங்களுக்கு சில மாசம் லீவு கிடைக்கும், நமக்கு வருஷம் பூரா பகல் வெளிச்சம் ஏறக்குறைய ஒண்ணுதான், இங்க சீசன்லாம் கிடையாது.

வைகைக்கரை (மதுரை)
நான் பண்ணாதீங்கன்னுதான் சொல்லுவேன். படிச்சிட்டு திட்டுறவங்க திட்டுங்க.

போன வருஷம் எங்க வீட்டுக் குட்டிக்கு மூணு மாசம், 1.1 கிலோ. சீக்கிரம் பண்ணலாம்னு படிச்சிட்டு நான்தான் வீட்ல அடம் பிடிச்சேன். ராத்திரி 9 மணிக்கு மேல சோறு தண்ணி எதுவும் கூடாதுன்னாய்ங்க, குடுக்கல. ராத்திரி பூரா தட்டுக்கிட்ட போய் போய் நின்னு என்னையப் பாத்து கத்துச்சு. காலைல 8 மணிக்குப் போய் உக்காந்தோம், முன்னாடி ஏழெட்டு நாய் இருந்துச்சு, மதியம் 1 மணிக்குத்தான் எடுத்தாய்ங்க. ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருச்சுன்னு சொல்லி கைல குடுத்தப்ப உடம்பு ஜில்லுன்னு இருந்துச்சு. முழிக்கவே இல்ல. கேட்டா குட்டிக்கு வயசு பத்தலைம்மான்னு சொல்லிட்டாய்ங்க. நம்ம பேச்சக் கேட்டுத்தானே கொண்டுபோனாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு உறுத்திட்டே இருக்கு.

கொங்குக்கடுவன்
படிக்கவே சங்கடமா இருக்குதுங்க. இதுக்குத்தான் சொல்றது.

கால்நடைக்காரன்
நான் கால்நடை டாக்டர், எங்க வேலை பாக்கறேன்னு சொல்ல விரும்பல. இந்த இழைல எல்லாத்தயும் கலந்து பேசிட்டு இருக்கீங்க, ஒவ்வொண்ணா வர்றேன்.

முதல்ல வைகைக்கரை. உங்க குட்டிய நான் பாக்கல, அதனால இதுதான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, வெளிய தெரியாத இதயக் கோளாறு இருக்கற குட்டிங்களும் உண்டு. ஆனா ராத்திரி 9லேருந்து மதியம் 1 வரைக்கும் 16 மணி நேரம். அதப் படிச்சப்ப எனக்கு கை நின்னுபோச்சு. பெரிய பூனைக்கு ராத்திரி சோறு நிறுத்துங்கன்னு பழக்கத்துல சொல்றத அப்படியே குட்டிக்கும் சொல்லிடறாங்க. குட்டியோட ஈரல்ல சேமிப்பு ரொம்ப கம்மி, பட்டினி போட்டா சர்க்கரை சர்ருனு இறங்கிடும். உடம்புல கொழுப்பும் கிடையாது, மயக்கத்துல சீக்கிரம் சூடு இறங்கும். சூடு இறங்குனா மயக்க மருந்து உடம்ப விட்டுப் போக நேரமாகும், சர்க்கரையும் இல்லன்னா முழிக்கறதுக்கு தெம்பே இருக்காது. குட்டி ஆபரேஷன்ல பயப்பட வேண்டிய இடம் கத்தி இல்ல, இந்த ரெண்டும்தான். குட்டிக்கு ரெண்டுலேருந்து நாலு மணி நேரத்துக்கு மேல பட்டினியே கூடாது, காலைல கொஞ்சமா ஊட்டித்தான் கூட்டிட்டு வரணும். உங்களுக்கு என்ன சொன்னாங்களோ அதத்தான் செஞ்சீங்க. உங்க மேல தப்பு இல்ல, வயசு மேலயும் பழிபோட முடியாது.

அடுத்து வளர்ச்சி. நின்னுபோகும்ங்கறது தலைகீழ். எலும்பு நுனில நீளத்துக்கு வளர்ற இடம்தான் வளர்ச்சித் தட்டு, அது மூடறதுக்கு ஆபரேஷன்ல எடுத்துடற உறுப்பு சுரக்கற ஹார்மோன் வேணும், அது இல்லன்னா தட்டு லேட்டா மூடும், கை கால் எலும்பு துளி நீளமாத்தான் போகும். 1990கள் ஆரம்பத்துலயே ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல 7 வாரத்துல பண்ணது, 7 மாசத்துல பண்ணது, பண்ணாததுன்னு வச்சு பாத்துட்டாங்க. மூத்திரக் குழாயையும் அளந்து பாத்திருக்காங்க, அகலத்துல வித்தியாசம் இல்ல. கடுவனுக்கு அடைக்கறதுக்கு குண்டாகறது, தண்ணி சரியா குடிக்காதது, வெறும் உலர் தீனி, டென்ஷன்னு வேற காரணம் நிறைய. ஆபரேஷனுக்கு அப்புறம் பசி கூடும், உடம்புக்குத் தேவை குறையும், அதே அளவு கொட்டிட்டே இருந்தா குண்டாகும். அத எந்த வயசுல பண்ணாலும் பாத்துக்கணும். தட்டு லேட்டா மூடறதுனால குண்டு கடுவனுக்கு தொடை எலும்புத் தலை நழுவறது எப்பவாவது வரும், அதையும் மறைக்கல.

2004-ல அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழக ஆளுங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஷெல்டர்லேருந்து தத்து போன 1660 பூனைய சராசரியா நாலு வருஷம் கிட்ட தொடர்ந்து விசாரிச்சிருக்காங்க. அஞ்சரை மாசத்துக்கு முன்னாடி பண்ணதுகளுக்கு பெரிய வியாதி எதுவும் கூடல. கடுவன்கள்ல சண்டை போட்டு சீழ் கட்டறது, சுவத்துல மூத்திரம் அடிக்கறதெல்லாம் குறைஞ்சிருக்கு. ஆனா சின்னதுல பண்ண பூனைங்க ஆள் வந்தா ஒளியறது கொஞ்சம் கூடியிருந்துச்சு.

இன்னொண்ணு, நாய்க்கு சொல்றத பூனைக்கு ஒட்டாதீங்க. அதே குழு நாய்களயும் பாத்தாங்க, ரொம்ப சின்னதுல பண்ண பெட்டை நாய்களுக்கு மூத்திரக் கசிவு கூடியிருந்துச்சு. உங்க டாக்டர்கள் தயங்கறதுக்கு பாதி காரணம் நாயை மனசுல வச்சு பேசறது, மீதி பாதி 800 கிராம் உடம்புக்கு மருந்து அளக்கற பழக்கம் இல்லாதது. பழக்கம் இல்லாதவர் மாட்டேன்னு சொல்றது நேர்மை. அவரப் போய் கட்டாயப்படுத்தாதீங்க.

மொட்டைமாடிக்காரி
டாக்டர் சார் ரொம்ப நன்றி. வைகைக்கரை, உங்களத் திட்ட யாருக்கு மனசு வரும். நீங்க எழுதலன்னா நானும் ராத்திரியே தட்ட எடுத்து வச்சிருப்பேன்.

ஒரு கேள்வி, எங்கம்மா கேக்கச் சொன்னது. ஒரு ஈத்து போட விட்டுட்டு பண்ணா பெட்டைக்கு உடம்புக்கு நல்லதாமே?

கால்நடைக்காரன்
இல்லவே இல்லம்மா. இதுக்கு மருத்துவத்துல ஒரு ஆதாரமும் கிடையாது, கணக்கு எதிர்ப்பக்கம்தான் நிக்குது. பூனைக்கு மார்ல கட்டி வந்தா பத்துல எட்டு ஒன்பது புத்துநோய்தான். 2005-ல வந்த ஒரு ஆய்வுல 6 மாசத்துக்கு முன்னாடி கருத்தடை பண்ண பூனைக்கு அந்த ஆபத்து 91 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, ஒரு வயசுக்குள்ள பண்ணா 86, ரெண்டாவது வயசுல பண்ணா வெறும் 11. ரெண்டு வயசு தாண்டுனா அந்த லாபமே இல்ல.

டேங்க்_ரோடு
எல்லாம் வெள்ளக்காரன் கணக்கு. எங்க தாத்தா வீட்ல பன்னெண்டு பூனை இருந்துச்சு, ஒண்ணுக்கும் ஆபரேஷன் இல்ல, புத்துநோயும் இல்ல.

தெருப்பூனை_தோழி
பன்னெண்டும் எத்தன வயசு வரைக்கும் இருந்துச்சுன்னு தாத்தாகிட்ட கேட்டீங்களா?

டேங்க்_ரோடு
அது வந்து போகும், யாரு கணக்கு வச்சா.

தெருப்பூனை_தோழி
அதான்.

பனிக்காலப்பூனை (கனடா)
நான் யாழ்ப்பாணம், இப்ப டொரன்டோவில இருக்கிறன். இஞ்ச ஷெல்டரில எடுத்த என்ர பூனைக்கு அப்ப பத்துக் கிழமைதான், நீங்கள் சொல்லுற பத்து வாரம். அவை தரேக்கையே ஒப்பரேசன் முடிஞ்சுது, வயித்தில சின்னதா ஒரு பச்சைக் கோடு குத்தி இருந்தது. நான் என்னவோ காயம் எண்டு பயந்து திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினன், பிறகுதான் சொல்லிச்சினம் அது கருத்தடை செய்ததுக்கு அடையாளமாக் குத்துற பச்சையாம், ஆரும் திரும்ப வயித்தைக் கிழிச்சுப் பாக்காமல் இருக்க. இப்ப ஏழு வயசு, நல்ல சுகமா இருக்குது. ஊரில எங்கட வீட்டில ஒரு பூனை வருசத்துக்கு மூண்டு முறை குட்டி போடும், அம்மா சாக்கில கட்டிக் கொண்டுபோய் சந்தையடியில விட்டிட்டு வந்து அண்டு முழுக்க சாப்பிடமாட்டா. ஒப்பரேசன் பாவம் எண்டு சொல்லுற ஆக்களைப் பாத்தா எனக்கு அந்தச் சாக்குத்தான் ஞாபகம் வரும்.

கொங்குக்கடுவன்
சரிங்க, வளர்ச்சி விசயத்துல நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன். ஆனா ஒரு சந்தேகமுங்க, வீட்ல வச்சே வளக்கறவங்களுக்கு ரெண்டு மாசத்துல எதுக்கு அவசரம்? நாலு அஞ்சு மாசத்துல பண்ணா போதாதுங்களா?

கால்நடைக்காரன்
நல்ல கேள்வி. போதும். நீங்களே வச்சு வளக்கறீங்கன்னா நாலு மாசம் சௌகரியமான வயசு. இங்கிலாந்துல பூனை அமைப்புங்க எல்லாம் சேந்து 4 மாசம்னுதான் சொல்றாங்க. அமெரிக்க கால்நடை மருத்துவர் சங்கம் 2017-ல அஞ்சாவது மாசத்துக்குள்ள பண்ணுங்கங்கறத ஏத்துக்கிச்சு. அதுக்குள்ள தடுப்பூசியும் முடிஞ்சிருக்கும், முதல் ஹீட்டும் பெரும்பாலும் வந்திருக்காது. ரெண்டு மாசம், 900 கிராம் ஒரு கிலோங்கறது கைய விட்டுப் போகப்போற குட்டிக்கு, அதாவது ஷெல்டர், ரெஸ்க்யூ, இவங்க மாதிரி தத்து குடுக்கறவங்களுக்கு. குட்டி வாசலத் தாண்டுனா அதுக்கப்புறம் யார் தேதி பாக்கப் போறாங்க.

தெருப்பூனை_தோழி
இதத்தான் நான் தொண்டை கிழிய கத்திட்டு இருக்கேன். அட்வான்ஸ் வாங்கிப் பாத்தேன், ஆபரேஷன் பண்ணி பில் காட்டுனா திருப்பித் தர்றேன்னு, பணம் போனா போகுதுன்னு விட்டவங்கதான் ஜாஸ்தி.

@மொட்டைமாடிக்காரி டாக்டர் தேடும்போது கூச்சப்படாம கேளுங்க, ஒன்றரை கிலோவுக்குக் கீழ இருக்கற குட்டிக்கு எத்தன பண்ணியிருக்கீங்க, எத்தன மணிக்கு கடைசியா ஊட்டணும், மயக்கத்துல இருக்கும்போது சூட்டுக்கு என்ன வைப்பீங்கன்னு. இந்த கடைசிக் கேள்விக்கு டக்குனு பதில் வந்தா ஆள் பழக்கப்பட்டவர். எங்க டாக்டர் சுடுதண்ணி நிரப்புன சலைன் பாட்டில துண்டுல சுத்தி ரெண்டு பக்கமும் அணைச்சு வைப்பார், வயித்துல ஸ்பிரிட்ட ஊத்தி நனைக்க மாட்டார், ஈரம் பட்டா குட்டி இன்னும் ஜில்லாயிடும்னு. அப்புறம் முதல் ஆளா எடுக்கச் சொல்லுங்க, வரிசைல போட்டாங்கன்னா கூட்டிட்டு வந்துடுங்க. முதல் ஊசி போட்டு குடல்புழு மருந்தும் குடுத்து ஒரு வாரம் பத்து நாள் ஆகியிருந்தா நல்லது, ஏன்னா ஆஸ்பத்திரின்னாலே நாலு நோய் பூனை வர்ற இடம், அங்க பூனை பார்வோங்கற தொத்து வைரஸ் ஒட்டிக்கிட்டா ஆபரேஷன் மேல பழி வரும்.

வைகைக்கரை
டாக்டர் எழுதுனத நாலஞ்சு தடவை படிச்சேன். என்ன எழுதறதுன்னு தெரியல. சூட்டுக்கு என்ன வைப்பீங்கன்னு எனக்கு கேக்கத் தெரியாம போச்சு.

@மொட்டைமாடிக்காரி பண்ணீங்கன்னா இங்க வந்து சொல்லுங்க.

மொட்டைமாடிக்காரி
மூணு வாரம் ஆச்சு, மன்னிச்சுக்கோங்க, ஊசி போட்டுட்டு காத்திருந்தேன். இப்ப வரிசையா சொல்றேன்.

முதல்ல எடை. குழம்புப் பாத்திரம் ஒண்ண கிச்சன் தராசுல வச்சு, ஸைபர் பண்ணி, அதுக்குள்ள ஒவ்வொண்ணா உக்கார வச்சேன். செவலை பாத்திரத்துக்குள்ளயே சுருண்டு தூங்கிடுச்சு, 1,240. மூணு கலர் வெளிய காலப் போட்டுட்டே இருந்தா, அவ ஒரு கால் மேடைல ஊனிட்டு எடுத்த கணக்குல 700ன்னு வந்துச்சு, அப்புறம் துண்டுல சுத்திப் பாத்தா 1,060. கறுப்பு வெள்ளை மட்டும் 830, நடுவுல பேதியாகி இளைச்சிடுச்சு.

தோழி சொன்ன கேள்விய மூணு இடத்துல போன்ல கேட்டேன். ஒருத்தர் "இதெல்லாம் நீங்க ஏன் கேக்கறீங்க"ன்னார். இன்னொருத்தர் நாலு மாசம் ஆகட்டும்னு தன்மையா சொன்னார். மூணாவது ஒரு லேடி டாக்டர், கேள்விய முடிக்கறதுக்குள்ள ஹீட்டிங் பேட், அது கரண்ட் போனா சுடுதண்ணி பாட்டில், காலைல அஞ்சரைக்கு ரெண்டு ஸ்பூன் சிக்கன், எட்டு மணிக்கு நீங்கதான் ஃபர்ஸ்ட்னாங்க. அங்கதான் போனோம். மூணையும் தூக்கிட்டுப் போனேன், கறுப்பு வெள்ளைய கைல எடுத்துப் பாத்துட்டு, இது இன்னைக்கு வேண்டாம், ஒரு கிலோ ஆக்கிட்டு கூட்டிட்டு வாங்கன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. குடுக்கும்போது "பொண்ணுன்னு எழுதியிருக்கீங்க, இவன் பையன்மா"ன்னாங்க. பதிமூணு வாரமா கண்ணம்மான்னு கூப்டுட்டு இருக்கேன்!!

செவலைக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகலன்னாங்க. தையலே இல்ல, உள்ள இருக்கற நரம்பையே முடிச்சா போட்டு விட்டுடறாங்களாம், வெளிய ரெண்டு சின்னக் கீறல். மூணு கலருக்கு தொப்புளுக்குக் கீழ, என் சுண்டு விரல் நகத்தோட அகலம் இருக்கும், உள்தையல். முழிச்சதும் ஈறுல துளி குளுக்கோஸ் தடவுனாங்க, அத நக்க நாக்க நீட்டுச்சு பாருங்க, அது வரைக்கும் நான் மூச்சே விடல. ஒம்பதேமுக்காலுக்கு ரெண்டும் தலைய ஆட்டிக்கிட்டே உக்காந்துச்சு, பதினோரு மணிக்கு வீட்ல சாப்பாடு கேட்டு கத்துச்சு.

அன்னைக்கு பூரா கூடைக்கு அடியில சுடுதண்ணி பை மாத்தி மாத்தி வச்சது யாருன்னா எங்கம்மா. "அறுத்துட்டு வந்துட்டா, அறுத்துட்டு வந்துட்டா"ன்னு முணுமுணுத்துக்கிட்டேதான் வச்சாங்க. சாயங்காலம் செவலை ஜன்னல் திரைல ஏறி உச்சில தொங்குது, பத்து நாள் குதிக்க விடாதீங்கன்னு சொன்னாங்க, யாரு கேக்கறது.

கால்நடைக்காரன்
நல்ல செய்தி. 830ஐ திருப்பி அனுப்புன டாக்டர விட்டுடாதீங்க. காயத்த தினமும் ஒரு தடவை பாருங்க, சிவந்து வீங்குனா, நீர் வடிஞ்சா கூப்பிடுங்க. சின்னதா கடலை அளவு உருண்டை கையில தட்டுப்பட்டா அது உள்தையல் முடிச்சா இருக்கலாம், இருந்தாலும் ஒரு தடவை காட்டிடுங்க. வலிக்கு அவங்க குடுத்தத மட்டும் குடுங்க, வீட்ல இருக்கற பாரசிட்டமால் ஒரு துண்டுகூட கூடாது, பூனைக்கு அது விஷம்.

வைகைக்கரை
நாக்க நீட்டுச்சுன்னு படிச்சதும் அழுதுட்டேன். சந்தோஷம்க்கா. கண்ணம்மாவுக்கு இனி என்ன பேரு?

மொட்டைமாடிக்காரி
கண்ணம்மாதான். மாத்துனா திரும்பிப் பாக்க மாட்டேங்கறான்.

தெருப்பூனை_தோழி
எல்லாம் சரி, தாயப் பத்தி யாருமே பேசல! அதப் புடிக்காம குட்டிக்கு மட்டும் பண்ணா மூணு மாசத்துல திரும்ப இதே இழைய ஆரம்பிப்பீங்க. பால் குடுத்துட்டு இருக்கும்போதே சினையாகும், பால் குடுத்தா ஆகாதுன்னு நினைச்சுக்காதீங்க. குட்டி பால் மறந்து பால் வத்துனதும் புடிச்சிடணும்.

மொட்டைமாடிக்காரி
அதத்தான் ஒரு வாரமா பண்ணிட்டு இருக்கேன். கூண்டு இரவல் வாங்கி டேங்குக்குப் பக்கத்துல வச்சு, உள்ள நெத்திலிக் கருவாடு போட்டு வச்சேன். முன்னங்கால் ரெண்ட மட்டும் உள்ள வச்சு, மிதிச்சா கதவு விழற பலகைய மிதிக்காம, கழுத்த நீட்டி எடுத்துட்டுப் போயிடறா. நேத்து கருவாட்ட இன்னும் உள்ள தள்ளி வச்சேன். கூண்டுக்கு மேல ஏறிப் படுத்துக்கிட்டு என்னையே பாக்கறா. வயிறு வேற லேசா பெருசா தெரியற மாதிரி இருக்கு, கருவாட்டாலயா வேற எதனாலயான்னு தெரியல.

தெருப்பூனை_தோழி
கூண்டோட கதவ மேல கட்டி வச்சுட்டு நாலு நாள் உள்ளயே சாப்பாடு வைங்க, பலகைமேல துணி போட்டு மூடுங்க. அஞ்சாம் நாள் கட்ட அவுத்து விடுங்க. அன்னைக்கு முந்தின வேளை சாப்பாடு வேண்டாம், அவளுக்குப் பசிக்கணும். நான் வேணா சனிக்கிழமை வர்றேன், எந்தப் பக்கம்னு தனிச்செய்தில சொல்லுங்க.